கஷ்டமா, அநியாயமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சின்ன வயதில் ஊண் உறக்கம் மறந்து ஆடிய வீடியோ கேம் ஒன்றைப் பல வருடம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்திருப்பீர்கள். அல்லது, "எங்க காலத்துல இதுதான் கேம், ஆடிப் பாரு" என்று வீட்டுப் பிள்ளை கையில் கொடுத்திருப்பீர்கள். பத்து நிமிடம் தாங்காது. "இது சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்று பிள்ளை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடும். உடனே வீட்டில் இரண்டு கட்சி கிளம்பும். அந்தக் காலத்து கேம்தான் கேம், இப்போது வருவதெல்லாம் வெறும் பளபளப்பு என்பது ஒரு கட்சி. பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது வெறும் ஏக்கம் என்பது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை. டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் என்ற பெட்டிக்காக வந்த ஒரு பழைய கேமில் எது நன்றாக வந்திருக்கிறது, எது சரியில்லை என்று நிதானமாகப் பிரித்துச் சொல்ல முடியும். பல வருடமாக நான் செய்துவரும் வேலை அதுதான்.

எந்தப் பழைய கேமையும் ஒரே ஒரு கேள்வியோடுதான் நான் அணுகுகிறேன். நம் ஆள் செத்து விழுந்ததும், ஏன் செத்தோம் என்பது நமக்குத் தெரிந்ததா? தெரிந்தால் அது கஷ்டமான கேம். தெரியாவிட்டால் அது அநியாயமான கேம். இந்தக் கேள்வியை அடிக்கடி திருப்பிச் சொல்வேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோனாமி நிறுவனம் 1986இல் வெளியிட்ட காசில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். சவுக்கு ஏந்திய வீரன் ஒருவன், டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைகிறான். அவனைக் குதிக்க வைத்தால், கால் தரையை விட்டபிறகு திசையை மாற்ற முடியாது. முன்பக்கம் குதித்தால் முன்பக்கம்தான், நடுவழியில் மனசு மாறினால் பயனில்லை. சவுக்கும் அப்படித்தான். பட்டனை அழுத்திய கணமே அடி விழாது. கை பின்னால் போகும், பிறகுதான் முன்னால் வரும். அடிபட்டால் பின்பக்கம் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருந்தாலும் அவன் கதை முடிந்தது.

கேட்டால் மகா மட்டமான கேம் என்றுதான் தோன்றும். மாரியோவை நடுவானில்கூட அப்படி இப்படித் திருப்பலாம், இவனை முடியவில்லையே என்று கேட்பார்கள். ஆனால் எதிரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். மெடூசா தலைகள் அலை மாதிரி மேலும் கீழும் ஏறி இறங்கி வரும். அந்த அலை மாறவே மாறாது. அது மேலே ஏறும்போது அடியில் நுழையலாம், இறங்கி வரும்போது சவுக்கைக் கொஞ்சம் முன்கூட்டியே வீசலாம். அந்த வீரனின் கனமான உடம்புக்கு ஏற்பத்தான் எதிரி ஒவ்வொன்றின் நடையையும் அளந்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று. படிக்கட்டில் நிற்கும்போது அடிபட்டால் அவன் தூக்கி எறியப்பட மாட்டான். கேமுக்குள் யாரும் அதைச் சொல்லித் தரமாட்டார்கள். ஆடி ஆடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டவர், ஆபத்தான இடத்தில் படியில் கால் வைத்துக்கொண்டே சண்டை போடுவார். ஒவ்வொரு முறை சாகும்போதும், அவசரப்பட்டுக் குதித்தோம், சவுக்கைத் தாமதமாக வீசினோம் என்று நமக்கே தெரிகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அது கஷ்டமான கேம், ஆனால் நியாயமான கேம்.

அதே நிறுவனம், அடுத்த வருடம், அதே வீரன். சைமன்ஸ் குவெஸ்ட் என்று இரண்டாம் பாகம் வந்தது. பரந்த நாடு, ஊர் ஊராகப் போகலாம், இரவும் பகலும் மாறி மாறி வரும். 1987க்கு அது பெரிய யோசனைதான், இன்றைக்கும் அதை மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் வழி அடைத்துக்கொள்ளும். சிவப்புப் படிகக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பாறைச்சுவர் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு சூறைக்காற்று வந்து தூக்கிக்கொண்டு போகும். இதை யார் ஊகிப்பார்கள்? ஊர்க்காரர்கள் துப்பு சொல்வார்கள், அவர்களில் சிலர் பொய் வேறு சொல்வார்கள். ஆங்கிலப் பதிப்பில் ஒருவர், அந்தப் பாறையைத் தலையால் முட்டி ஓட்டை போடச் சொல்கிறார்! முட்டிக்கொண்டே நின்றால் ஒன்றும் நடக்காது. இங்கே நாம் சாகக்கூட இல்லை, மாட்டிக்கொண்டு நிற்கிறோம், ஏன் என்று தெரியவில்லை. பழைய கேம் அப்படித்தான் இருக்கும் என்று இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. வெளியான அன்றைக்கும் அது குறைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது நிஞ்ஜா கைடென். ஓட்டமும் பாய்ச்சலும் சுவரைப் பற்றிக்கொள்வதும் அவ்வளவு துடிப்பாக இருக்கும். ஆனால் எதிரி ஒருவனை வெட்டி வீழ்த்திவிட்டு ஓரடி பின்னால் வைத்தால், ஸ்கிரீன் ஓரத்திலிருந்து அவன் திரும்ப முளைத்து வருவான். கடைசிக் கட்ட வில்லனிடம் தோற்றால், ஆறாம் கட்டத்தின் ஆரம்பத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நீண்ட வழியை முழுக்கத் திரும்ப நடந்து வர வேண்டும். ஏன் தோற்றோம் என்று தெரிகிறது, சரி. ஆனால் செய்த தவறுக்கும் கிடைத்த தண்டனைக்கும் பொருத்தமே இல்லை. கால்களுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், தண்டனைக்குக் கொடுக்க மாட்டேன்.

ஏன் இவ்வளவு கொடுமை? காரணம் உண்டு. கேம் பதிந்திருக்கும் கார்ட்ரிட்ஜில், அதாவது நாம் கேசட் என்று சொன்னதில், இடம் கிடையாது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைப்போலப் பல மடங்கு. மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தை நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பழகிய கை அந்தக் காலத்து கேம் பலவற்றை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அதனால் எளிதில் முடிக்க விடாமல் செய்தார்கள். ஜப்பானில் பேர் நக்கிள் 3 என்று வந்த கேமை 1994இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 3 என்ற பெயரில் வெளியிட்டபோது அதை மேலும் கடினமாக்கினார்கள். எனவே பழைய கேம் ஒன்றின் கஷ்டத்தைப் பார்த்தவுடன், இது ஆட்டத்துக்காக வந்த கஷ்டமா, நேரத்தை இழுக்க வந்த கஷ்டமா என்று பாருங்கள். முதலாவது நம் கையைத் தேர்ச்சியாக்கும். இரண்டாவது சலிக்க வைக்கும்.

மெஷினின் குறையை கேமின் தலையில் கட்டவும் கூடாது. காசில்வேனியாவும் சூப்பர் மாரியோவும் ஓடிய நின்டெண்டோவின் எட்டு பிட் மெஷினால் கிடைமட்டமாக ஒரு வரியில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறைந்தாக வேண்டும். ஒரே ஆள் முழுசாக மறைந்துவிடக் கூடாதே என்று, மாற்றி மாற்றி மறைக்கும்படி எழுதினார்கள். அதைத்தான் நாம் மினுங்குகிறது என்கிறோம். அந்த மினுக்கத்தைப் பார்த்தால் எனக்கு மதிப்புத்தான் வருகிறது.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை என் வாயால் பல தடவை கேட்டிருப்பார்கள். பழைய கேமைக் குறை சொல்வதற்கு முன், அது எந்த டிவிக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

அந்தக் காலத்து, பின்பக்கம் பருத்த குழாய் டிவியில், சிக்னல் வர வர மேலிருந்து கீழே வரி வரியாகப் படம் விழுந்துகொண்டே இருக்கும். காத்திருப்பு என்பதே இல்லை. இன்றைய தட்டை டிவி முழுப்படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மெருகேற்றி, அதன்பிறகுதான் காட்டுகிறது. சில டிவிகளில் இதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். சினிமா பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 1987இல் வந்த பஞ்ச்-அவுட் என்ற குத்துச்சண்டை கேமைப் போடுங்கள். கடைசியில் மைக் டைசன் நிற்பார். முதல் 90 விநாடிக்கு, கீழிருந்து மேலே வரும் அவருடைய குத்து ஒன்று பட்டாலே நாம் தரையில். கை கிளம்புவதைப் பார்த்தபிறகு விலக அரை நொடிகூடக் கிடையாது. அந்த அரை நொடியிலும் ஒரு பங்கை டிவி விழுங்கிவிட்டால் மனுஷன் எப்படி விலகுவது? அடுத்து என்ன சொல்வோம், "பட்டன் வேலை செய்யல, மட்டமான கேம்." கேம் சரியாகத்தான் இருக்கிறது. நாம் பார்ப்பது நடந்து முடிந்துபோன ஒன்றை. உங்கள் டிவியில் கேம் மோடு என்று ஒரு செட்டிங் இருந்தால், அதைப் போட்டுவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகு சொல்லுங்கள் தீர்ப்பை.

படமும் அப்படித்தான். 1991இல் சேகா வெளியிட்ட சோனிக்கின் முதல் கட்டத்தில் அருவிகள் வரும். புது டிவியில் அவை கம்பி வைத்த ஜன்னல் போலத் தெரியும், ஒரு கோடு, ஒரு இடைவெளி, ஒரு கோடு. சோம்பேறித்தனமாக வரைந்திருக்கிறார்கள் என்று நினைப்போம். டிவிக்குப் படம் கொண்டுபோன அந்தக் காலத்து மஞ்சள் ஒயரில் கோடும் இடைவெளியும் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும்படி நீர் வழியும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறம் காட்ட அந்த மெஷினுக்கு வழி இல்லை. ஒயரின் மங்கலையே வழியாக்கிக்கொண்டார்கள். துல்லியமான டிவியில் பார்க்கும் நமக்கு அந்த வேலை கண்ணில் படுவதில்லை.

டிவி மட்டுமில்லை, பெட்டிக்குள் இருந்த காகிதமும் கேமின் பாகம்தான். இதற்கு ஸ்டார்ட்ராபிக்ஸ் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1990இல் நின்டெண்டோ வெளியிட்டது. மைக் என்ற பையன், காணாமல் போன மாமாவைத் தேடித் தீவு தீவாகப் போகிறான். கேம் வாங்கியவருக்குப் பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடைக்கும், மாமா மைக்குக்கு எழுதியது. படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவோம். பாதி வழி போனபிறகு, நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு ரகசிய எண்ணைக் கேட்பார்கள். மாமாவிடமிருந்து ஒரு சேதி வரும்: மைக்கிடம் சொல்லுங்கள், என் கடிதத்தைத் தண்ணீரில் நனைக்கட்டும் என்று.

கேமுக்குள்ளே கடிதமும் இல்லை, தண்ணீரும் இல்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த நிஜக் கடிதத்தை எடுத்து, நிஜத் தண்ணீரில் நனைக்க வேண்டும்! நனைத்தால், வெறும் தாளாக இருந்த இடத்தில் 747 என்ற எண் எழும்பி வரும். நினைத்துப் பாருங்கள், ஸ்கிரீனுக்குள் இருக்கும் பையனின் கையில் இருக்க வேண்டிய கடிதம் நம் கையில் இருக்கிறது. கேமுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் ஒரு கணம் இடிந்துபோகிறது. இத்தனை அழகான யோசனையை இன்றைக்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் இரவல் வாங்கியவருக்கு? பழைய கார்ட்ரிட்ஜை மட்டும் விலைக்கு வாங்கியவருக்கு? கடிதம் எங்கே போயிற்றோ. அவர் அந்தக் கப்பலிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆக, இதே கேம், கடிதம் வைத்திருப்பவருக்கு அற்புதம், இல்லாதவருக்கு அநியாயம். பின்னாளில் நின்டெண்டோவின் வீ கன்சோலில் இதை மறுவெளியீடு செய்தபோது, மின்கையேட்டிலேயே கடிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் காட்டும்படி செய்தார்கள். காகிதத்தை விட்டுவிட்டு கேமை மட்டும் பாதுகாக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய கேம் ஒன்று வழி தெரியாமல் நிறுத்திவிட்டால், முதலில் அதன் கையேட்டைத் தேடிப் படியுங்கள். கேமில் இல்லாத பாதி அங்கே இருக்கலாம்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். முப்பரிமாண கேம்களைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இல் வந்த ரெசிடென்ட் ஈவிலில் ஆள் பீரங்கி வண்டி மாதிரி நின்ற இடத்தில் சுழன்று, பிறகுதான் நடப்பார். எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அதில் கேமரா அறைக்கு அறை, மூலைக்கு மூலை வெட்டி வெட்டி மாறும். கேமரா எந்தப் பக்கம் மாறினாலும் மேல் பட்டன் என்றால் முன்னால் என்பது மாறாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அதே வருடம் வந்த டூம்ப் ரெய்டரில் உலகமே சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. விளிம்பில் நின்று, பின்பக்கம் ஒரு துள்ளல், பிறகு ஓடிப் பாய்ச்சல், அந்த அளவு தவறாது. இவை இரண்டும் காரணத்தோடு இருக்கின்றன. அதே வருடத்து மாரியோ 64இல் கேமரா சுவரில் இடித்துக்கொண்டு நம் ஆளை மறைப்பது மட்டும் அன்றைக்கும் தொல்லை, இன்றைக்கும் தொல்லை.

செய்தவர்களே பின்னால் எதைத் திருத்தினார்கள் என்றும் பாருங்கள். 1998இல் வந்த செல்டா, ஒகரினா ஆஃப் டைம். அதன் தண்ணீர்க் கோயிலில் இரும்பு பூட்ஸைப் போட்டால் மூழ்கலாம், கழற்றினால் மிதக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தை நிறுத்தி, மெனுவுக்குள் போய் மாட்டிக் கழற்ற வேண்டும். 2011இல் ரீமேக் செய்தபோது அதை ஒரே தொடலுக்குக் கொண்டுவந்தார்கள். கோயிலின் புதிர்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். எது குறை, எது கஷ்டம் என்று அவர்களே பிரித்துக் காட்டியது போல ஆயிற்று.

இசைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஒன்று மட்டும். அந்த எட்டு பிட் மெஷினில் மொத்தம் ஐந்தே ஒலி வழிகள். இசையும் அதில்தான், சத்தங்களும் அதில்தான். அடுத்த தடவை சூப்பர் மாரியோ ஆடும்போது, குதிக்கும் சத்தம் வரும் அந்தக் கணத்தில் பின்னணி இசையைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு குரல் சட்டென்று விலகி இடம் கொடுத்துவிட்டு, சத்தம் முடிந்ததும் திரும்ப வந்து சேர்ந்துகொள்ளும். அப்படி விலகியும் மெட்டு அறுந்தது போலத் தோன்றாதபடி இசையமைத்திருக்கிறார் கோஜி கோண்டோ. வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.