வாங்கிய புத்தகமும் வாடகைப் புத்தகமும்

எல்லோருக்கும் வணக்கம்.

நூலகத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலே, "இணையம் வந்த பிறகு நூலகம் எதற்கு?" என்ற கேள்வி எனக்கு முன்னால் மேடையேறி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்று அதை விட்டுவிடுவோம். நூலகத்துக்குள் இருப்பவர்கள் கேட்கும் கேள்வி வேறு. ஒரு மின்னூலுக்குப் பணம் கட்டுகிறோமே, உண்மையில் எதை வாங்குகிறோம்?

அச்சுப் புத்தகத்தில் இந்தக் குழப்பமே இல்லை. பணம் கொடுத்தோம், முத்திரை குத்தினோம், பதிவேட்டில் எண் போட்டோம், அலமாரியில் வைத்தோம். அதோடு பதிப்பாளருக்கும் நமக்கும் இருந்த கணக்கு தீர்ந்தது. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் இரவல் கொடுக்கலாம். கிழிந்தால் பைண்டிங் செய்துகொள்ளலாம். பதிப்பகத்தையே இழுத்து மூடினாலும் புத்தகம் நம் அலமாரியில்தான் இருக்கும்.

மின்னூலில் நமக்குக் கிடைப்பது உரிமம் மட்டும். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் நூலகங்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு மின்னூலை 26 முறை இரவல் கொடுத்துவிட்டால் உரிமம் முடிந்தது. வேண்டுமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும். ஒரு இரவலுக்கு இரண்டு வாரம் என்று வைத்தால், விடாமல் கைமாறும் புத்தகத்துக்கு ஓராண்டு ஆயுள். நான் பார்த்த அச்சுப் புத்தகங்களில் 26 முறை போய் வந்தவை அப்போதுதான் கொஞ்சம் பழகியிருக்கும், முதுகு மடங்கி, விரித்தால் விரித்தபடி நிற்கும். தேய்மானமே இல்லாத பொருளுக்கு எண்ணிக்கை வைத்துத் தேய்மானம் கற்பித்த சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

ஆய்விதழ்களின் கதை இன்னும் மோசம். இது என் தலையில் விழுந்தது. ஒரு வருடம் பணம் போதாமல் ஒரு மின்னிதழ்த் தொகுப்புக்குச் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. அச்சிதழ் என்றால் புதிய இதழ்கள் வராது, அவ்வளவுதான். பழையவை தைத்த தொகுதிகளாக இருக்கும். சந்தா முடிந்த மறுநாள் காலை ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றார். போன வாரம் வரை படித்துக்கொண்டிருந்த கட்டுரை திறக்கவில்லை என்றார். அந்தக் கட்டுரை மட்டுமா? நாங்கள் பல ஆண்டுகள் பணம் கட்டிய எல்லா இதழ்களும் ஒரே ராத்திரியில் பூட்டிக்கொண்டன. விற்றவர்கள் ஏமாற்றவில்லை. ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், சின்ன எழுத்தில், அது இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

அதற்கப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. இன்றைய நூலகர் புத்தக விமர்சனம் படிக்கிறாரோ இல்லையோ, ஒப்பந்தம் படித்தாக வேண்டும். சந்தா நின்ற பிறகும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் பார்க்க முடியுமா? நகல் எடுத்து வைத்துக்கொள்ள அனுமதி உண்டா? இன்னொரு நூலகத்துக்கு இரவலாக அனுப்பலாமா? கையெழுத்துப் போடும் முன்பு கேட்டால்தான் இவற்றுக்குப் பதில் வரும்.

நகல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் லாக்ஸ் என்றொரு திட்டம் தொடங்கியது. நகல்கள் நிறைய இருந்தால் பொருள் பத்திரமாக இருக்கும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஒரே இதழின் நகல் பல நூலகங்களின் கணினிகளில் இருக்கும். அந்தக் கணினிகள் அவ்வப்போது தங்கள் நகல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் மட்டும் பிழை தெரிந்தால், மற்றவற்றை வைத்து அதைத் திருத்திக்கொள்ளும். நமக்கு இது புதிதா என்ன? செல்லரிக்கும் முன் சுவடியைப் படியெடுத்தார்கள், பல ஊர்ப் படிகளை வைத்துப் பாடம் ஒப்பிட்டார்கள். அதே வேலையை இப்போது கணினி ராத்திரியில் செய்கிறது.

சரி, நம்மிடம் இருக்கும் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்துவிட்டால் அவையாவது நமக்கே சொந்தம்தானே? சொந்தம்தான். ஆனால் ஸ்கேன் செய்வதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை, ஒரு நாள் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். இறுக்கித் தைத்த புத்தகத்தில் உள்ஓர எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். அதைச் சமாளித்துப் படம் எடுத்தாலும், அது வெறும் படம். சொல்லைத் தேட வேண்டுமென்றால் படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்க வேண்டும். அங்கேதான் தமிழ் தன் கைவரிசையைக் காட்டும். ரகரமும் துணைக்காலும் பழைய அச்சில் அச்சுஅசலாக ஒன்றுபோலத் தெரியும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பு லை, னை எல்லாம் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு அச்சாகும். அந்த வடிவத்துக்குப் பழக்காத மென்பொருள் அதை வேறு ஏதோ எழுத்தாகப் படித்துவிடும். புத்தகம் முழுக்க யானைகள் நடமாடும். தேடினால் ஒரு யானைகூட அகப்படாது.

'ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்' என்று 1931-இல் விதி வகுத்தார் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். தேடலில் சிக்காத நூலுக்கு வாசகர் எங்கிருந்து வருவார்? அதனால், எழுத்துப் பிரித்த பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கிறது. திட்ட அறிக்கைகளில் ஸ்கேனருக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குவார்கள். இந்த மனிதரை மறந்துவிடுவார்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை வேறு வகைத் தலைவலி. நல்ல தளங்களின் பட்டியலை ஒரு காலத்தில் பெருமையாகத் தயாரித்து வைத்தோம். ஆறு மாதத்தில் பாதி இணைப்புகள் வெறும் பக்கத்தைக் காட்டின. இது எங்கள் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் காணாமல் போயிருந்தன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைப்புகளிலேயே சுமார் பாதி, காட்டிய பொருளைக் காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். வலைப்பக்கங்களைச் சேகரிக்கும் வேலையை 1996-இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் தொடங்கியிராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

அச்சு பத்திரம், கணினி ஆபத்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைக் கணினித் திருடர்கள் தாக்கினார்கள். மிரட்டிக் கேட்ட பணத்தை நூலகம் கொடுக்கவில்லை. அங்கே ஒரு புத்தகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே என்று சொல்லும் அட்டவணை போய்விட்டது. அது இணையத்துக்குத் திரும்ப 2024 ஜனவரி நடுப்பகுதி ஆனது. அச்சுக்குள்ளும் கணினி எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது பாருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன சம்பவம். ஒவ்வொரு மின்கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டுக் குறித்து வைப்போம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டுப் பார்ப்போம். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரே ஒரு கோப்பில் எண் ஒத்துப்போகவில்லை. திறந்து பார்த்தோம். 143-ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிக் கிடந்தது. வேறு கட்டடத்தில் இருந்த இரண்டாம் நகலை எடுத்து அந்த இடத்தில் வைத்தோம். பத்து நிமிட வேலை. அந்தப் புத்தகத்தை அதற்கு முன்பு யாராவது படித்திருக்கிறார்களா என்று ஒரு ஆர்வத்தில் பதிவைப் பார்த்தேன். ஒருவரும் திறந்ததில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.