ஸ்விஃப்ட் கீ பாத்: ஒரு பண்பையே மாறியில் வைப்பது

வணக்கம். எண்ணையும் ஸ்ட்ரிங்கையும் நாம் மாறியில் வைக்கிறோம். ஒரு ஃபங்ஷனைக்கூட இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறோம். ஆனால் பதிவுப் படிவம் ஒன்றில் இருக்கும் மின்னஞ்சல் என்ற பண்பை, அதாவது அதில் உள்ள மதிப்பை அல்லாமல் அந்தப் பண்பையே, மாறியில் வைக்க முடியுமா? ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்ட், 2017-இல் வந்த தன் 4-ஆம் பதிப்பில், கீ பாத் மூலம் அதைச் சாத்தியமாக்கியது. பின்சாய்வுக்கோடு, டைப்பின் பெயர், ஒரு புள்ளி, பண்பின் பெயர்: திரையில் தெரியும் இந்த வரி எந்தப் படிவத்தையும் தொடவில்லை, படிவம் கிடைத்ததும் அதில் எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சுமந்து நிற்கிறது.

அதற்கு முன், ஸ்விஃப்டுக்கு முந்தைய மொழியான ஆப்ஜெக்டிவ் சி காலத்தில், பண்பின் பெயரை ஸ்ட்ரிங்காக எழுதி மதிப்பைக் கேட்போம். ஓர் எழுத்து பிசகினாலும் கம்பைலர் வாய் திறக்காது, செயலி ஓடும்போதுதான் நொறுங்கும். ஸ்விஃப்ட் 3 எழுத்துப்பிழையைப் பிடித்தது என்றாலும், திரும்பக் கொடுத்தது வெறும் ஸ்ட்ரிங் என்பதால், அந்தப் பண்பு எந்த டைப் என்ற தகவல் அங்கேயே தொலைந்தது.

இதற்கு ஒரு க்ளோஷர், அதாவது தேவைப்படும் இடத்திலேயே எழுதும் பெயரில்லாத ஃபங்ஷன், போதாதா என்று நீங்கள் கேட்கலாம். மதிப்பைப் படிக்க மட்டும் என்றால் போதும், ஸ்விஃப்ட் 5.2 முதல், ஃபங்ஷன் எதிர்பார்க்கப்படும் இடத்தில் கீ பாத்தையே நேரடியாக எழுதவும் முடிகிறது. மதிப்பை மாற்றவும் வேண்டுமானால் இரண்டாவது க்ளோஷர் ஒன்று தேவைப்படும். கீ பாத்தோ இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அதோடு, ஸ்ட்ரக்ட்டில் வார் என்று அறிவித்த பண்புக்கு எழுதத்தக்க கீ பாத்தையும், லெட் என்று அறிவித்ததற்குப் படிக்க மட்டுமான கீ பாத்தையும் பொதுவாகக் கம்பைலரே தேர்ந்தெடுப்பதால், மாற்றக்கூடாததை மாற்ற முயன்றால் பில்டிலேயே பிழை வந்துவிடும்.

என்னைப் பொறுத்தவரை இதன் பெரிய பலம் வேறொன்று, அதைப் பலர் கவனிப்பதே இல்லை: இரண்டு கீ பாத்களை ஒப்பிடலாம், டிக்‌ஷனரியில் சாவியாகவும் வைக்கலாம். க்ளோஷரில் இது நடக்காது. நமது படிவத்தில் மின்னஞ்சல் ஸ்ட்ரிங், வயது முழு எண்; டைப் வேறுபட்டாலும், மதிப்பின் டைப்பை மறைக்கும் பார்ஷியல் கீ பாத்தாக இரண்டும் ஒரே டிக்‌ஷனரியில் அமர்கின்றன. ஒவ்வொரு பண்புக்கும் எதிரே அதன் பிழைச் செய்தியை வைத்தால், திரையில் உள்ள உள்ளீட்டுப் பெட்டி தன் கீ பாத்தைக் காட்டித் தனக்கான செய்தியைக் கேட்டுப் பெறலாம். பயனர் எவற்றை மாற்றினார் என்பதையும் இப்படியே ஒரு செட்டில் சேர்க்கலாம். இதற்காகப் பண்புகளின் பெயர்களைப் பட்டியலிடும் தனி ஈனம் (enum) ஒன்றை எழுதி, புதுப் பண்பு சேரும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டிருந்த வேலை ஒழிந்தது. (செயலியின் திரைகளை அமைக்கும் ஸ்விஃப்ட் யுஐயில் எழுதுபவர்கள் பின்சாய்வுக்கோடு, புள்ளி, செல்ஃப் என்று மனப்பாடமாகத் தட்டுவதும் ஒரு கீ பாத்தையே.)

குறைகளும் உண்டு. நேரடியாகப் பண்பை அணுகுவதைவிட இது மெதுவாக இருக்கக்கூடும் என்பதால், லட்சக்கணக்கான முறை சுழலும் லூப்புக்குள் வைப்பதற்குமுன் அளந்து பாருங்கள். எனக்கு அதிக எரிச்சல் தருவது, கீ பாத்திடம் பண்பின் பெயரைக் கேட்டுப் பெற நம்பகமான பொது வழி இல்லாததுதான். காட்லின் மொழியில், பண்பைச் சுட்டும் குறிப்பிடம் (property reference) நேம் (name) என்று கேட்டால் பெயர் வந்துவிடுகிறது. இங்கே ஜேசான் (தரவைப் பரிமாறும் உரை வடிவம்) சாவிகளின் பெயர் வேண்டுமென்றால், அவற்றைப் பட்டியலிடும் கோடிங் கீஸ் (CodingKeys) ஈனத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது.