ஆய்வகத்தைச் சனிக்கிழமையும் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, இந்த அரங்கைக் கட்டணமின்றி அளித்த நூலகர் அவர்களே, திருவல்லிக்கேணியிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம். சென்ற ஆண்டும் இதே மேடையில் எனக்கு வாய்ப்பளித்த தலைவர் அவர்களின் பெருந்தன்மையை நன்றியோடு நினைவுகூர்கிறேன்.

அறிவியல், தொழில்நுட்பம், வெகுமக்கள் கலை ஆகிய மூன்றும் ஓர் ஆசிரியரின் அன்றாட ஆர்வங்களில் பெறும் இடம் குறித்துப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். வகுப்பறையில் மூன்றும் கலந்தே வருவதால், சேர்த்தே சொல்கிறேன். அதற்குமுன், எங்கு பேசினாலும் நான் சொல்லும் பழமொழியை இங்கும் சொல்லிவிடுகிறேன்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

திரைப்படத்திலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, படத்துல வண்டி முன்னாடி போகுது, சக்கரம் மட்டும் ஏன் பின்னாடி சுத்துது?" என்று கேட்டான். திரைப்படம் வழக்கமாக நொடிக்கு 24 படங்களாகப் பதிவாகிறது என்று சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், கைப்பேசியை மேசையில் சாய்த்து, முழு வேகத்தில் சுழன்ற மூன்று இறக்கை மின்விசிறியை நொடிக்கு 30 படங்கள் வீதம் பதிவு செய்தோம். திரையில் விசிறி பின்னோக்கிச் சுழன்றது! வகுப்பே எழுந்து நின்றது. ஒரு படத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் இறக்கை, அடுத்த இறக்கை இருந்த இடத்திற்குப் பாதி தூரத்தைக் கடந்தும் அதை எட்டாமல் நின்றுவிடுகிறது. இறக்கைகள் ஒன்றுபோல் இருப்பதால், நம் கண் அதைப் பின்வாங்கிய இறக்கையாகக் கொள்கிறது. வேகத்தைக் குறைத்தவுடன் விசிறி முன்னோக்கித் திரும்பியது. அப்போது கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "ஒரு இறக்கையில மட்டும் சிவப்புத் தாள் ஒட்டலாமா?" என்றாள். விசிறியை நிறுத்தி ஒட்டினோம். மீண்டும் முழு வேகத்தில் வைத்தபோது, அந்தச் சிவப்பு திரையிலும் முன்னோக்கியே ஓடியது. அந்த யோசனை எந்தப் பாடநூலிலும் இல்லை; அவளுடையது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்று அந்த வகுப்பு கண்ணால் கண்டது.

இப்படிக் கண்ணால் கண்டு அறிவதில் நம் சென்னைக்குப் பெருமைமிக்க மரபு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் சென்னையில், ஆண்டுக்கு இருமுறை நண்பகல் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாள் விடுமுறையிலோ தேர்விலோ போய்விடும். ஆகஸ்ட் 18-ஐ ஒட்டிய நாளில் பள்ளி நடக்கும். பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில் நேராக நட்ட குச்சியின் நிழல் மறைவதைப் பார்க்க, மேகமில்லாத வானம் போதும். ஒரு காசும் செலவில்லை.

ஆனால் நம் ஆய்வகங்கள் எப்போது திறக்கின்றன? பல பள்ளிகளில் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான். ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு சோதனைக் குழாய் உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் விளக்கம் எழுத வேண்டிய அச்சமே அந்தப் பூட்டு. உடைந்த கண்ணாடிக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று ஒரே ஓர் ஆணை வந்தால், பாதிப் பூட்டுகள் தாமாகத் திறந்துவிடும். மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களிடம் பணிவோடும் உரிமையோடும் இதைக் கேட்கிறேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஆய்வகம் திறந்திருக்கட்டும், பெற்றோரும் வரட்டும், மதிப்பெண் வேண்டாம். சுரைக்காயை ஏட்டிலிருந்து எடுத்து அடுப்பில் ஏற்றுவோம். இந்தக் கோரிக்கை மனுவை வாயிலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். புறப்படுமுன் அருள்கூர்ந்து கையொப்பமிடுங்கள். நன்றி, வணக்கம்.