விண்ணப்பத்துக்கு முன் நன்றி

(பாம்பனில் பங்கு மக்களுக்கு ஆற்றிய தவக்கால உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,

விளக்கு வைத்ததும் குடும்பமாக அமர்ந்து ஜெபமாலை சொல்லும் வழக்கம் நம் கடற்கரையில் இன்னும் அற்றுப்போகவில்லை. ஆனால் ஜெபமாலை முடிந்து அவரவர் சொந்தச் சொற்களில் மன்றாடத் தொடங்கும்போது நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். மீன்பாடு வேண்டும், வட்டிக்கடன் அடைய வேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், கடலுக்குப் போனவர்கள் பிடிபடாமல் கரை சேர வேண்டும் என்று வேண்டுதல்கள் அடுக்கடுக்காக வருகின்றன. கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் ஒரு நன்றி. கேட்பதில் குற்றமில்லை, கேட்கச் சொன்னவரே ஆண்டவர்தான். நான் வலியுறுத்த வந்தது இவ்வளவே: நன்றி முதலில் வர வேண்டும், இன்னதற்கு என்று குறிப்பிட்டு வர வேண்டும், நாள்தோறும் வர வேண்டும்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை அன்று. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றன. அவற்றில் ஆன்ம சோதனைக்கு, அதாவது நம் நாளை நாமே ஆராய்ந்து பார்க்கும் ஜெபத்துக்கு, ஐந்து படிகள் உண்டு; பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவதே முதற்படி. பாவங்களை அறியும் அருளைக் கேட்பதும், அன்றைய நாளைக் கணக்குப் பார்ப்பதும், மன்னிப்பும், திருந்தும் உறுதியும் அதற்குப் பின்னரே வருகின்றன. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும், 1549இல் இங்கே அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலியும், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரும் அந்த இயேசு சபையினரே. ஓரியூர்ச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருகிற நாம், அருளானந்தர் பழகிய ஜெப ஒழுங்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். மண் சுமப்பது எளிது.

மூன்று நாளாக மீன்பாடு இல்லாதவன் எதற்கு நன்றி சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். கடல் தெரிந்தவர்களுக்கு அந்த அதிகாரம் நன்றாகவே புரியும். புயலில் அகப்பட்ட கப்பலில் 276 பேர். பதினான்காம் நாள், பொழுது விடியும் நேரம், பல நாள்களாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பவுல் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னிலையிலும் கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு உண்ணத் தொடங்குகிறார். அப்போது புயல் ஓயவில்லை. அன்றைக்கே கப்பல் தரைதட்டி உடைந்தது, ஆட்கள் மட்டும் பிழைத்துக் கரையேறினார்கள். அதே பவுல், கிரேத்துத் தீவைவிட்டுப் புறப்பட வேண்டாம் என்று தாம் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும் என அவர்களிடம் முன்னதாகக் குறையும் சொல்லியிருக்கிறார். ஆகவே படகைப் பறிகொடுத்தவன் வாயை மூடிக்கொண்டு துதி பாடட்டும் என்று எவரேனும் போதித்தால், அவர் இந்த அதிகாரத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறார். முறையீடு இருக்கட்டும், அதனோடு நன்றியும் இருக்கட்டும்.

இனி, குறிப்பிட்டுச் சொல்வது எப்படி? கடற்பாசி எடுக்கப் போகும் நம் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றி, காலில் தகட்டைக் கட்டி, மூச்சை அடக்கிப் பாறை இடுக்கில் கைவிடுகிறார்கள். அப்படிப் போய்வந்த சகோதரி இரவில் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று பொதுவாக முடித்துவிடாமல், "இன்று தண்ணீர் கலங்காமல் இருந்தது, பாறை கையைக் கிழிக்கவில்லை, கிழிந்த பையைப் பக்கத்து வீட்டு அக்கா தைத்துக் கொடுத்தார்" என்று சொல்லட்டும். இரவில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் பகலிலேயே கண் அவற்றைத் தேடத் தொடங்கும். அந்த அக்காவோடு ஏதாவது மனத்தாங்கல் இருந்தாலும், அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறிய பிறகு அதை வளர்ப்பது கடினம்.

இரவுக்கடலுக்குப் போகிறவர்கள் மாலை ஜெபத்துக்கு வீட்டில் இருக்க முடியாது. அவர்கள் வலையிலிருந்து மீனைக் கழற்றும் நேரத்தையே இதற்கு ஒதுக்கலாம். விவிலியத்தில் வரும் தானியேல் நாளுக்கு மூன்று வேளை நன்றி செலுத்தினார், நமக்கு ஒரு வேளை போதும். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம், வருமானத்துக்குக் கெட்ட காலமானாலும், இப்பழக்கத்தைத் தொடங்க நல்ல காலம். அப்போதுதான் எல்லாரும் வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளில் இளையவரை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பாலத்தில் ரயில் போனதைப் பார்த்ததற்கு நன்றி என்று குழந்தை சொன்னால் திருத்தாதீர்கள், அடுத்தவர் தொடரட்டும்.