நானோலிட்டருக்கு ஒரு சுருள்: சிப்பில் காந்த ஒத்ததிர்வு

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்களே, அதே இயற்பியலை வேதியியல்காரர்கள் வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் படம் வேண்டாம். ஒரு திரவத்துக்குள் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை, அணுக்கருக்கள் தரும் அதிர்வெண்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல், சுருக்கமாக என்.எம்.ஆர். 1946இல் பிளாக், பர்செல் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் தனித்தனியே கண்டறிந்து, 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட விஷயம்.

வழக்கமான கருவிக்குத் தனி அறையே வேண்டும். திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய காந்தம், ஓர் அலமாரி நிறைய மின்னணுச் சாதனங்கள், 5 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயில் அரை மில்லிலிட்டருக்குச் சற்றுக் கூடுதலான மாதிரி. இதில் அந்த அலமாரியைச் சிறிதாக்கியாகிவிட்டது. 2014இல் ஹார்வர்டில் டான்ஹீ ஹாம் குழுவினர் அதன் வேலையை 4 சதுர மில்லிமீட்டர் சிலிக்கானில் அடக்கி, 0.51 டெஸ்லா நிலைக்காந்தத்தோடு சேர்த்து நிறமாலை எடுத்துக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், சிப்தான் இதில் சுலபமான பகுதி. சிக்னலைப் பிடிக்கும் கம்பிச் சுருள், மாதிரி, காந்தம், இந்த மூன்றும்தான் ஆளைப் படுத்தி எடுப்பவை.

சிக்னல் எவ்வளவு சன்னமானது என்று முதலில் பார்ப்போம். 0.5 டெஸ்லா காந்தத்தில் ஹைட்ரஜன் அணுக்கருவான புரோட்டான் 21.3 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். புரோட்டான்களில் ஏறக்குறையப் பாதி காந்தப்புலத்தோடும் பாதி எதிராகவும் நிற்பதால், ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். அறை வெப்பநிலையில் பத்து லட்சத்துக்கு இரண்டுகூட முழுசாக மிச்சம் தேறாது. ஒரு நானோலிட்டர், அதாவது மில்லிலிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, தண்ணீரில் மிஞ்சுபவை சுமார் பதினோராயிரம் கோடி. கேட்கப் பெரிய எண்தான். ஆனால் இத்தனையும் சேர்ந்து சுருளில் தூண்டும் மின்னழுத்தம், அந்தச் சுருள் தன் வெப்பத்தால் தானே எழுப்பும் இரைச்சலோடு போட்டிபோட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிறிய சுருள் கைகொடுக்கிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டத்துக்கு எந்தச் சுருள் அதிகக் காந்தப்புலம் தருகிறதோ, அதுவே சிக்னலையும் நன்றாகப் பிடிக்கும். சுருளின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடை மாதிரியிலிருந்து கிடைக்கும் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இல்லினாய் பல்கலைக்கழகக் குழு 1995இல் 5 நானோலிட்டரில் தெளிவான நிறமாலை எடுத்தது இந்த வழியில்தான். ஆனால் இந்த லாபம் கடைசிவரை வராது. 21 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 14 மைக்ரான் ஆழத்துக்குள் ஓடும். கம்பி அதைவிட மெலிந்துவிட்டால் மின்தடை ஏறும், லாபம் மந்தமாகும். சிப்பின் உலோக அடுக்கோ சில மைக்ரான்தான்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிறிய சுருளின் லாபம் மாதிரியின் எடைக்குத்தான், செறிவுக்கு அல்ல. உங்களிடம் அரை மில்லிலிட்டர் நீர்த்த கரைசல் இருக்கிறதென்றால், அதில் ஒரு நானோலிட்டரை மட்டும் எடுத்துச் சிப்பில் வைப்பது குடம் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு விரல் நனைப்பது போல. அதற்குக் கண்ணாடிக் குழாயே மேல். மாதிரியே அவ்வளவுதான் என்னும்போதுதான் சிப்புக்கு வேலை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் 2017இல் நீர்க்கரடி என்ற நுண்விலங்கின் ஒற்றை முட்டையிலிருந்து நிறமாலை எடுத்தார்கள். அந்த முட்டையின் கன அளவு ஒரு நானோலிட்டர்கூட இல்லை. அதுதான் சிப்புக்கு ஏற்ற மாதிரி.

இனி, செய்முறை. அரை மில்லிமீட்டர் விட்டமும் பத்துச் சுற்றும் உள்ள தட்டைச் சுருள் என்று வைத்துக்கொள்வோம். சுருளில் அனுப்பும் குறுகிய மின் துடிப்பு புரோட்டான்களைத் திருப்பினால்தான் சிக்னல் வரும், 90 டிகிரியில் அது உச்சம். 10 மைக்ரோவினாடியில் 90 டிகிரி திருப்ப, சில பத்து மில்லி ஆம்பியர் போதும். பெரிய கருவியில் பத்துக்கணக்கான வாட் கேட்கும் வேலை இது. துடிப்பின் நீளத்தை 2 மைக்ரோவினாடியில் தொடங்கி இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். சிக்னல் ஏறி, இறங்கி, அடிமட்டத்துக்கு வரும் இடம் 180 டிகிரி. அதில் பாதி 90. தட்டைச் சுருளில் அந்த அடிமட்டம் முழுப் பூஜ்யமாகாது. சுருளை ஒட்டிய திரவம் அதிகம் திரும்பும், மேலே இருப்பது குறைவாகத் திரும்பும். திரவம் நிற்கும் நுண்கால்வாயின் உயரத்தைச் சுருளின் ஆரத்தைவிட நன்றாகக் குறைத்து வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

அடுத்தது காற்று. காந்தப்புலத்தில் வைத்தால் ஒவ்வொரு பொருளும் அந்தப் புலத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும், அதற்கு ஓர் எண் உண்டு: செம்பு மைனஸ் 9.6, தண்ணீர் மைனஸ் 9.05, காற்று பிளஸ் 0.36. இவை பத்து லட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட எண்கள், பி.பி.எம். என்பார்கள். பாருங்கள், செம்பும் தண்ணீரும் ஏறக்குறைய ஒன்று. இடையில் புகும் காற்றுதான் பகை. 100 மைக்ரான் கால்வாயில் 50 மைக்ரான் குமிழி ஒன்று சிக்கினாலே நிறமாலைக் கோடு அகன்று, சரிந்து, இரண்டாகப் பிளந்தும் நிற்கும். திரவத்தைக் காற்று நீக்கி ஊற்றுங்கள். சுருளுக்கு இரு பக்கமும் அதன் விட்டத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு தூரத்துக்குத் திரவம் நிற்கட்டும். திரவத்தின் விளிம்பு சுருளுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சுருளையே எஃப்.சி.-43 என்ற ஃப்ளூரின் திரவத்தில் மூழ்கவைப்பதும் பழைய, நல்ல உத்தி. திறந்த துளியாக வைக்கவே வைக்காதீர்கள். நானோலிட்டர் துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவியாகிவிடும்.

சர்க்யூட் போர்டில் தங்க முலாம் பளபளக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம், அதன் அடியில் நிக்கல் இருக்கலாம். கெப்பாசிட்டர் முனைகளிலும் கனெக்டர்களிலும் நிக்கல் பூச்சு சர்வசாதாரணம். ஒவ்வொரு பாகத்தையும் நூலில் கட்டித் தொங்கவிட்டு வலுவான காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். அசைந்தால் அந்தப் பாகம் வேண்டாம்.

காந்தத்தில்தான் பெரும்பாடு. நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரி சூடேறினால் அதன் புலம் சுமார் 0.11 சதவீதம் குறையும். 21.3 மெகாஹெர்ட்ஸில் அது 23 கிலோஹெர்ட்ஸ். புரோட்டான் நிறமாலையின் மொத்த அகலமே பத்து பி.பி.எம்., அதாவது 213 ஹெர்ட்ஸ். ஒரே டிகிரியில் முழு நிறமாலையும் தன் அகலத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் தள்ளிப்போய்விடுகிறது! சமாரியம் கோபால்ட் காந்தம் மூன்றில் ஒரு பங்குதான் நகரும், ஆனால் வலு குறைவு. காந்தத்தைத் தடித்த அலுமினியக் கட்டிக்குள் வைத்து, அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி கூட்டிக் கட்டுப்படுத்தி, ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்படியும் நகரும். சாதாரணத் தண்ணீரின் புரோட்டான்கள் மறுபடி நிலைக்குத் திரும்ப 15 வினாடி பிடிக்கும். இரைச்சலைப் பத்து மடங்கு அடக்க 100 முறை அளந்தால் 25 நிமிடம். அந்த நேரத்தில் காந்தம் சும்மா இருக்காது. அதனால் கருவிக்குள்ளேயே கூட்டாமல் ஒவ்வோர் அளவையும் தனித்தனியே சேமித்து, கரைப்பானின் பெரிய கோட்டை வைத்து வரிசைப்படுத்திய பிறகு கூட்டுங்கள். நேராகக் கூட்டினால் வருவது ஒரு மொத்தை மேடுதான். அதைப் பார்த்துவிட்டுக் காந்தப்புலத்தைச் சீராக்கும் திருகுகளை நாள்கணக்காகத் திருகிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எல்லாம் சரியாக அமைந்தாலும் 0.5 டெஸ்லாவில் குளுக்கோஸ் போன்ற சர்க்கரையின் நுணுக்கத்தை எதிர்பார்க்கக்கூடாது. அதன் பெரும்பாலான புரோட்டான்கள் 17 ஹெர்ட்ஸ் இடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்துப் புரோட்டான்களின் பாதிப்பால் வரும் பிளவு மட்டும் 7 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும், அது காந்தத்தோடு சேர்ந்து சுருங்காது. எலெக்ட்ரானை அளக்கும் சிப்களும், வைரத்தில் பச்சை ஒளி பாய்ச்சிச் சிவப்பொளியால் அளக்கும் உணரிகளும் தனிக் கதை. வைர முறை 2018இல் சுமார் 10 பிக்கோலிட்டர், அதாவது நானோலிட்டரில் நூறில் ஒரு பங்கு வரை வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

புதிதாகக் கட்டிய சிப்பில் முதலில் 10 மில்லிமோலார் காப்பர் சல்பேட் கலந்த தண்ணீரை வையுங்கள். வினாடிக்கு இரண்டு முறை அளக்கலாம், சிக்னலைத் தேடிப்பிடிக்க வசதி. பிறகு சுத்தத் தண்ணீரில் காந்தப்புலத்தைச் சீராக்குங்கள். மூன்றாவதுதான் எத்தனால். மூன்று கூட்டமாகக் கோடுகள் வரும். மெத்தில், அதாவது எத்தனாலின் ஓரத்தில் உள்ள CH₃ தரும் கூட்டம் மூன்றாகப் பிரிந்து தெரிந்தால் கோட்டின் அகலம் 7 ஹெர்ட்ஸுக்குள் வந்துவிட்டது. பிரியவில்லையா? முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அடுத்து கால்வாயில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சிப்பைக் கழற்றுவது கடைசி.

நன்றி, வணக்கம்.