விதிகளுக்கு உட்பட்ட வாத்து வீடு: 2009-இல் பிரிட்டன் கண்ட கோபம்

அவைத்தலைவருக்கும் வந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அரசியல்வாதிகளும் பொதுப்பணமும் என்று விரிந்த தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். எல்லா நாட்டையும் தொட்டுப் பேசினால் எதுவும் பேசியதாக ஆகாது என்பதால் ஒரு நாட்டையும் ஓர் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2009 மே 8 அன்று லண்டனின் டெய்லி டெலிகிராப் நாளிதழ், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொதுப்பணத்திலிருந்து பெற்ற செலவுப் படிகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. அதன்பின் பல வாரங்கள், கட்சி வேறுபாடில்லாமல், தினம் சில பெயர்களாக அந்தக் கணக்குகள் வந்துகொண்டே இருந்தன.

அவற்றில் இன்றும் மக்கள் நினைவில் இருப்பவை சில வேடிக்கையான பொருள்கள்தாம். காஸ்போர்ட் தொகுதி உறுப்பினர் சர் பீட்டர் விகர்ஸ் தம் தோட்டக் குளத்தில் வாத்துகள் தங்குவதற்காக வாங்கிய மிதக்கும் வீட்டுக்கு 1,645 பவுண்டு கேட்டிருந்தார். முன்னாள் அமைச்சர் டக்ளஸ் ஹாக் அனுப்பிய வீட்டுச் செலவுப் பட்டியலில், மாளிகையைச் சுற்றிய அகழியைத் தூர்வாரிய 2,115 பவுண்டும் இருந்தது. அகழிக்காகத் தாம் பணம் பெறவில்லை என்று அவர் வாதாடினார், பிறகு 2,200 பவுண்டைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித்தின் கணக்கில், அவர் கணவர் கட்டணம் செலுத்திப் பார்த்த இரண்டு ஆபாசப் படங்களுக்கான 10 பவுண்டு சேர்ந்திருந்தது அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், வெளியாகியிருந்தது.

வாத்து வீட்டுக்கான பணத்தை, படிகளைச் சரிபார்த்து வழங்கிய நாடாளுமன்றக் கட்டண அலுவலகம் கொடுக்கவே இல்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள். அந்தக் கோரிக்கை அப்போதே மறுக்கப்பட்டுவிட்டது. ஒரு தேசத்தின் கோபத்துக்கு முத்திரையாக நின்றுபோனது, பொதுமக்கள் ஒரு காசும் இழக்காத ஒரு பில். அப்படியானால் அந்தக் கோபமே பிழையா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். கோபம் சரியானது, அது தனக்குத் தேர்ந்துகொண்ட சின்னங்கள்தாம் தவறானவை. அந்தச் சின்னங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

உறுப்பினருக்குப் பணம் கொடுப்பதே குற்றம் என்று நினைக்கும் ஒரு மனப்பான்மை நம்மிடமும் உண்டு. வரலாறு அதற்கு எதிரானது. 1838-இல் வெளியான, பிரிட்டிஷ் தொழிலாளர்களின் சாசன இயக்கத்தின் ஆறு கோரிக்கைகளில் ஒன்று, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் வேண்டும் என்பது. ஊதியம் இல்லாத இடத்தில் பண்ணையாரும் ஆலை முதலாளியும் மட்டுமே உட்கார முடியும் என்பதை அந்தத் தொழிலாளர்கள் தெளிவாகவே உணர்ந்திருந்தார்கள். அந்தக் கோரிக்கை நிறைவேற எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1911-இல்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு ஊதியம் வந்தது. அதுபோலவே, ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ தொகுதி வைத்திருக்கும் ஒருவர் வாரத்தில் நான்கு நாள் வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்க வேண்டுமானால் அவருக்கு இரண்டு இடத்தில் தங்குமிடம் தேவை என்பதும் நியாயமே. எழுபதுகளின் தொடக்கத்தில் உருவான கூடுதல் செலவுப் படி இந்தத் தேவைக்காக வந்தது.

சீர்கேடு தொடங்கியது பின்னால். உறுப்பினர்களின் ஊதியத்தை உயர்த்தினால் மக்கள் முகம் சுளிப்பார்கள் என்று ஒவ்வோர் அரசும் அஞ்சியது. 1983-இல் தாட்சர் அரசு, பரிந்துரைக்கப்பட்ட ஊதிய உயர்வை முழுமையாகத் தர மறுத்து, அதற்கு ஈடாகப் படிகளைத் தாராளமாக்கியது. ஊதியம் எல்லோர் கண்ணிலும் படும். படி யார் கண்ணிலும் படாது. அதன்பின் புதிதாக வரும் உறுப்பினருக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம், படி என்பது செலவழித்ததைத் திரும்பப் பெறுவது அல்ல, ஊதியத்தின் மறைந்த பாதி, உச்ச வரம்புவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே. 2008-09-இல் இரண்டாவது வீட்டுக்கான படியின் உச்ச வரம்பு சுமார் 24,000 பவுண்டு. அன்றைய பிரிட்டனில் முழுநேரம் உழைக்கும் ஒருவரின் இடைநிலை ஆண்டு ஊதியம் ஏறத்தாழ அவ்வளவுதான். அவர் அதற்கு வரி கட்டினார், உறுப்பினர் இதற்குக் கட்டவில்லை. உறுப்பினரின் ஊதியம், 2009 ஏப்ரல் முதல் 64,766 பவுண்டு, இதற்கு மேலே தனியாக வந்தது.

விதிகளின் தாராளத்தைக் கேளுங்கள். 2008 வரை 250 பவுண்டுக்குக் குறைந்த செலவுக்கு ரசீதே தேவையில்லை. உணவுக்காக மாதம் 400 பவுண்டுவரை ரசீது காட்டாமல் பெறலாம். நாற்காலி, கட்டில், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தீர்மானிக்கக் கட்டண அலுவலகம், ஜான் லூயிஸ் என்ற பெரிய கடையின் விலைகளை வைத்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தது; அந்தப் பட்டியலையும், தெரிந்தால் எல்லோரும் உச்ச விலையையே கேட்பார்கள் என்று, உறுப்பினர்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்தது! தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் ஊரில் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே எடுத்தவர்களே கூடி, எவ்வளவு நக்கலாம் என்று அளவு வகுத்து, அதற்கு விதி என்று பெயரும் வைத்திருந்தார்கள். 'விதிகளுக்கு உட்பட்டே செய்தோம்' என்று அடுத்தடுத்து ஒவ்வொருவரும் தொலைக்காட்சியில் சொன்னபோது மக்களுக்கு எரிச்சல் ஏறியதற்குக் காரணம் இதுதான். 2008-இல் வங்கிகள் சரிந்து, 2009 தொடக்கத்தில் வூல்வொர்த்ஸ் போன்ற கடைத்தொடர் முழுவதுமாக மூடப்பட்டு, பல்லாயிரம் பேர் வேலையிழந்து நின்ற காலம் அது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாத்து வீட்டைவிட மிகப் பெரிய பணம் போன வழி வேறு. எது முதல் வீடு, எது இரண்டாவது வீடு என்று அறிவிக்கும் உரிமை உறுப்பினரிடமே இருந்தது. இன்று லண்டன் வீட்டை இரண்டாவது வீடு என்பார். அதன் கடன் வட்டியும் பழுதுபார்ப்பும் பொதுச் செலவு. புதுப்பித்து முடிந்ததும் தொகுதியில் உள்ள வீட்டை இரண்டாவது வீடாக மாற்றி, அதற்கும் அதே உபசாரம் செய்வார். விற்கும்போது வரித்துறையிடம் போய் இதுவே என் முதன்மை வீடு என்று சொன்னால், முதன்மை வீட்டுக்குள்ள விலக்கின்படி மூலதன ஆதாய வரியும் இல்லை. அமைச்சர் ஹேசல் பிளியர்ஸ் இப்படியொரு விற்பனைக்காகச் செய்திகள் வெளிவந்தபின் 13,332 பவுண்டுக் காசோலையைத் தொலைக்காட்சியில் காட்டி வரித்துறைக்குச் செலுத்துவதாக அறிவித்தார். ஜாக்கி ஸ்மித் விஷயத்திலும் பத்துப் பவுண்டுப் படத்தைப் பற்றி நாடு சிரித்தது. லண்டனில் தம் சகோதரியின் வீட்டில் தங்கியதை முதன்மை வீடென்றும், கணவரும் குழந்தைகளும் வாழ்ந்த ரெடிச் வீட்டை இரண்டாவது வீடென்றும் அவர் காட்டியிருந்ததே கனமான கேள்வி, அதற்காகத்தான் பின்னர் அவர் சபையில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இவ்வளவும் எப்படி வெளியே வந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகவல் சுதந்திரச் சட்டத்தை இயற்றியதே இதே நாடாளுமன்றம்தான், 2000-இல். 2005 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்ததும் ஹெதர் புரூக் என்ற செய்தியாளரும் வேறு இரு செய்தியாளர்களும் செலவு விவரங்களைக் கேட்டு விண்ணப்பித்தார்கள். மறுப்பு, மேல்முறையீடு, தீர்ப்பாயம் என்று வழக்கு இழுத்தது. 2007-இல் நாடாளுமன்றத்தையே அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவைக்க உறுப்பினர் டேவிட் மெக்லீன் கொண்டுவந்த மசோதா, மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபையில் அதை முன்மொழிய ஒருவரும் முன்வராததால் அங்கே செத்தது. பரம்பரைப் பட்டங்களின் மிச்சமென்று நாம் கேலி பேசும் சபை சில நேரம் இப்படியும் பயன்படுகிறது. 2008 மே மாதம் உயர் நீதிமன்றம் விவரங்களை வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2009 ஜனவரியில் விலக்குப் பெற இன்னொரு முயற்சி நடந்து, எதிர்ப்பைக் கண்டு கைவிடப்பட்டது.

வேறு வழியில்லாமல் நாடாளுமன்றம் ஆவணங்களை வெளியிட ஆயத்தம் செய்தது, பல விவரங்களைக் கறுப்பு மை பூசி மறைத்து. அந்தப் பணி நடந்துகொண்டிருக்கையில் முழு ஆவணங்களும் அடங்கிய கணினி வட்டு வெளியே கசிந்து டெலிகிராப்பிடம் சேர்ந்தது. அதற்காக அந்த நாளிதழ் பணமும் கொடுத்தது. மை பூசும் அறைக்குக் காவலிருந்த படைவீரர்கள், போர்க்களத்துக்கான தங்கள் சாதனங்களைச் சொந்தக் காசில் வாங்குவதற்காக அந்தக் கூடுதல் வேலைக்கு வந்திருந்ததும், அங்கே கண்ட கணக்குகள் உண்டாக்கிய கசப்புமே கசிவுக்குக் காரணம் என்று அந்நாளிதழின் செய்தியாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஜூன் 18 அன்று நாடாளுமன்றம் தன் பதிப்பை வெளியிட்டபோது பக்கம் பக்கமாகக் கறுப்புக் கட்டங்கள். வீட்டு முகவரிகள் அனைத்தும் மறைக்கப்பட்டிருந்தன. முகவரி இல்லாமல் யார் எந்த வீட்டை எப்போது மாற்றிக் காட்டினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. நீதிமன்ற உத்தரவுக்குப் பணிந்ததாகக் காட்டிக்கொண்டே முக்கியமானதை மட்டும் மூடிய அந்தக் கைத்திறனை, வாத்து வீட்டைவிடப் பெரிய அவமானம் என்று நான் கருதுகிறேன்.

வெளியிடக் கூடாதென்று நீதிமன்றம்வரை போராடிய நிர்வாகத்தின் தலைவர் சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின். செய்தி வெளிவந்த பிறகும், கேள்வி எழுப்பிய உறுப்பினர்களையே அவர் சபையில் கடிந்துகொண்டார். மே 19 அன்று, அரை நிமிடமே நீண்ட ஓர் அறிக்கையில், பதவி விலகுவதாக அறிவித்தார். 1695-இல் லஞ்சம் பெற்றதற்காக நீக்கப்பட்ட சர் ஜான் டிரெவருக்குப் பிறகு இப்படி வெளியேற்றப்பட்ட சபாநாயகர் இவரே. அந்தத் தேதியை நம்மவர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள்: இலங்கையில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது அதற்கு முந்தைய நாள். ஏப்ரல் 6 முதல் பிரிட்டன் வாழ் தமிழர்கள் அதே நாடாளுமன்றத்தின் எதிரே உள்ள சதுக்கத்தில் இரவுபகலாகப் போர்நிறுத்தம் கேட்டு நின்றிருந்தார்கள். உள்ளே இருந்த சபையோ தன் பில்களைப் பற்றிய பதற்றத்தில் இருந்தது. ஒன்று இல்லாதிருந்தால் மற்றொன்று மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சபை தன்னைத் தற்காத்துக்கொள்வதிலேயே பொழுதைச் செலவிடும் வாரங்களுக்கு வெளியே நிற்பவர்களும் விலை கொடுக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தண்டனைக்கு வருவோம். டேவிட் சேட்டர், எலியட் மோர்லி, ஜிம் டிவைன், எரிக் இல்ஸ்லி ஆகிய முன்னாள் உறுப்பினர்களும் பிரபுக்கள் சபையைச் சேர்ந்த இருவரும் 2011-இல் சிறைக்குச் சென்றார்கள். மோர்லி, முன்பே அடைத்து முடித்த வீட்டுக் கடனுக்கு வட்டி வாங்கியவர். சேட்டர், போலி ஆவணங்களைக் கொடுத்தவர். 1689-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டப்படி சபை நடவடிக்கைகளை நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று இவர்களுள் சிலருக்காக உச்ச நீதிமன்றம்வரை வாதாடப்பட்டது. மன்னரின் கொடுங்கோன்மைக்கு அஞ்சாமல் பேசுவதற்காகப் பெற்ற காப்பு, செலவுச் சீட்டைக் காப்பாற்ற நீட்டப்பட்டது. 2010-இல் நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் வீட்டை மாற்றி மாற்றிக் காட்டி மிக அதிகம் பெற்றவர்கள் யாரும் சிறை காணவில்லை, ஏனென்றால் விதி அவர்கள் பக்கம் இருந்தது. பழைய கோரிக்கைகளை மறுபரிசீலனை செய்த, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி சர் தாமஸ் லெக்கின் ஆய்வு ஏறத்தாழ பாதிப்பேரிடமிருந்து மொத்தம் 11 லட்சம் பவுண்டுக்கு மேல் திருப்பிக் கேட்டது, அவ்வளவே.

கோபம் வேறு திசைகளிலும் பாய்ந்தது. ஜூன் 4 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் தொழிற்கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. வெள்ளை இனவாதக் கட்சியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி முதன்முறையாக இரண்டு இடங்களைப் பிடித்தது. எல்லோரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று மக்கள் முடிவுகட்டும் நாளில் முதலில் ஆதாயம் பெறுபவர் யார் என்பதற்கு இது ஒரு சான்று. 2010 பொதுத் தேர்தலில் 149 உறுப்பினர்கள் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள்.

நல்ல விளைவு ஒன்றுண்டு. படிகளை உறுப்பினர்களின் கையிலிருந்து பறித்து ஒரு சுதந்திர ஆணையத்திடம் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்படைத்தது. வீட்டுக் கடன் வட்டி நின்றது, வாடகை மட்டும் தரப்பட்டது. ஒவ்வொரு கோரிக்கையும் மக்கள் பார்க்கும்படி வெளியிடப்படுகிறது. ஊதியத்தையும் அதே ஆணையம் நிர்ணயிக்கத் தொடங்கி, 2015-இல் 74,000 பவுண்டாக உயர்த்தியபோது மீண்டும் கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலை நான் வரவேற்கிறேன். வெளிப்படையாக உயர்ந்த ஊதியத்தைப் பார்த்துத் திட்டுவது, ஒளித்து வைத்த படியைப் பற்றித் தெரியாமலேயே வாக்களிப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஒருவர் குற்றத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி மட்டும் நெடுநாள் பாக்கி நின்றது. 2014-இல், பழைய முறை நடப்பில் இருந்த காலத்துக் கணக்குக்காக, கலாசார அமைச்சர் மரியா மில்லர் சுமார் 45,000 பவுண்டு கூடுதலாகப் பெற்றதாக, உறுப்பினர்களின் நடத்தைத் தரத்தைக் கண்காணிக்கும் நாடாளுமன்ற ஆணையர் கண்டறிந்தார். சக உறுப்பினர்கள் நிறைந்த குழு அதை 5,800 பவுண்டாகக் குறைத்தது. அரை நிமிட மன்னிப்பு ஒன்றைச் சபையில் வாசித்துவிட்டு அவர் அமர்ந்தார். மக்களின் சீற்றம் தணியாததால் ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். அந்தக் குழுவில் உறுப்பினர் அல்லாத மூவர் 2013 முதல் அமர்ந்திருந்தும் அவர்களுக்கு வாக்கு இல்லை. 2016-இல் அவர்கள் எண்ணிக்கை உறுப்பினர்களுக்குச் சமமாக ஏழாக உயர்ந்தது. அவர்களுக்கு வாக்குரிமை கொடுக்கச் சபைக்கு மனம் வந்தது 2019 ஜனவரியில்தான்.

நன்றி, வணக்கம்.