போகும் வழியில் பத்துச் சொல், அப்புறம் நீச்சல்

வணக்கம் மக்களே. பின்னால் விசில் சத்தம் கேட்கிறதா? யீஷூன் நீச்சல் வளாகத்துக்கு வெளியே நிற்கிறேன். மகன் உள்ளே வகுப்பில் இருக்கிறான். அவன் வருவதற்குள் ஒரு விஷயம் பேசிவிடுகிறேன். நீச்சல் வகுப்பு பிள்ளைகளின் படிப்புக்கு உதவுமா? உதவும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நான் முதலில் நினைத்த வழியில் இல்லை.

அவன் தொடக்கநிலை 2-இல் படிக்கிறான். போன வருடம் வகுப்பில் சேர்க்கப் போகிறேன் என்றதும் என் மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஜாதகத்துல அவனுக்குத் தண்ணியில கண்டம் இருக்கும்மா" என்றார். "அத்தை, கண்டம் இருக்குன்னா அவனுக்கு நீந்தத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் முதல் வகுப்புக்குத் துண்டை மடித்துப் பையில் வைத்தது அவர்தான். அவர் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2021-இல் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். அதனால் முதலில் உயிர், அப்புறம்தான் படிப்பு.

நம் சிங்கப்பூரில் 2010-இல் தொடங்கிய சுவிம்சேஃபர் என்ற நீச்சல், நீர்ப் பாதுகாப்புத் திட்டமும் அந்த வரிசையில்தான் போகிறது. மொத்தம் ஆறு நிலைகள், கடைசி மூன்று வெண்கலம், வெள்ளி, தங்கம். வேகமாக நீந்துவது மட்டும் போதாது. மிதக்கத் தெரிய வேண்டும், உடுப்போடு நீந்தத் தெரிய வேண்டும், ஆபத்தில் என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும்.

அவன் பின்மிதப்பு கற்றுக்கொண்ட நாளை நான் மறக்க மாட்டேன். மல்லாந்து படுக்க வேண்டும், காது இரண்டும் தண்ணீருக்குள் போக வேண்டும். காது நனைந்தவுடன் கழுத்தைத் தூக்கிவிடுவான். கழுத்து தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் ஆளே இறங்கிவிடுவான். கோச் அவன் பின்தலைக்குக் கீழே இரண்டு விரலை மட்டும் வைத்து, "கூரையைப் பார், எத்தனை விளக்கு இருக்கிறது, எண்ணு" என்றார். எண்ணினான். ஆறாவது விளக்கில் ஒரு விரலை எடுத்தார், ஒன்பதாவதில் மற்றதையும் எடுத்துவிட்டார். இவன் பதினொன்று வரை எண்ணிக்கொண்டே மிதந்தான். பயம் இருக்கும்போதே மூச்சை அடக்கி, ஒருவர் சொல்வதைக் கேட்டு, அடுத்ததைச் செய்வது. வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கவும் இதே திறன்தானே வேண்டும்?

சரி, சொற்களுக்கு வருகிறேன். வாரா வாரம் தமிழ்ப் பாடத்தில் சொல்வதெழுதுதல் உண்டு. ஆரம்பத்தில் நான் நீச்சல் முடிந்து பேருந்தில் திரும்பும்போது சொற்களைக் கேட்பேன். உடற்பயிற்சி செய்தால் மூளை சுறுசுறுப்பாகும் என்று எங்கோ படித்திருந்தேன். அவன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவான், எழுப்பினால் அழுவான். பல வாரம் அப்படியே போயிற்று.

அப்புறம்தான் அமெரிக்காவில் டெலவர் பல்கலைக்கழகத்தில் செய்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புதுச் சொற்களை முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு நீந்த வைத்தார்கள், அல்லது கிராஸ்ஃபிட் என்ற கடுமையான உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், அல்லது வண்ணம் தீட்ட வைத்தார்கள். நீந்தியபோது சொற்கள் 13 விழுக்காடு கூடுதலாக நினைவில் நின்றன. கிராஸ்ஃபிட்டில் அந்தப் பலன் இல்லை. ஏன் தெரியுமா? நீச்சல் அந்தப் பிள்ளைகளுக்கு யோசிக்காமலே வரும். கிராஸ்ஃபிட் அவர்களுக்குப் புதிது, மூளை அதைக் கவனிப்பதிலேயே களைத்துவிடும்.

அதைப் படித்ததும் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, சொல் முதலில், நீச்சல் பிறகு. இரண்டு, நீச்சலே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு வகுப்பு நாளில் வேறு எதையும் திணிக்கக் கூடாது. என் மகன் மிதக்கவே பாடுபட்ட மாதங்களில் நான் அவனைச் சொல் கேட்டுத் துன்பப்படுத்தியிருக்கிறேன். அது தப்பு. இப்போது போகும் வழியில் பேருந்தில் பத்துச் சொல், விளையாட்டாக. திரும்பும்போது ஒன்றும் கேட்பதில்லை, குடிக்க மைலோ மட்டும்.

நீச்சல் மட்டுமே பிள்ளையைக் கெட்டிக்காரனாக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஐந்து வயதுக்குள் நீச்சல் கற்றவர்கள் பல திறன்களில் முந்தியிருந்ததாக ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகமும் சொன்னது. அந்த ஆய்வு சுமார் 7,000 பிள்ளைகளைப் பற்றியது, ஆனால் பெரும்பகுதி பெற்றோர் சொன்ன பதில்கள்தான். நான் அளவோடுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, இங்கே இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் எல்லாரும் கரையேற வேண்டும். போன வாரம் அரை மணி நேரம் கூரைக்கு அடியில் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். முன்பெல்லாம் "போகலாம்மா, போகலாம்மா" என்பான். அன்றைக்குப் பக்கத்தில் அழுத சின்னப் பெண்ணுக்குத் தன் துண்டின் ஒரு முனையைக் கொடுத்தான்.

அதோ, வந்துவிட்டான். 'விளையாட்டு' என்று எழுதச் சொன்னால் எப்போதும் லகரம் போடுவான். காலையில் அந்தச் சொல்லையும் சேர்த்திருக்கிறேன். இப்போது கேட்க மாட்டேன், நாளைக்குக் கேட்கிறேன்.